சின்ன உப்புநீர் தொட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட கடல் சாமந்திகளை வளர்க்கலாமா?

வேறு வேறு இனங்களைச் சேர்த்து என்றால், வேண்டாம். ஒரே இனம் என்றால் சில சமயம் முடியும்.

கடல் சாமந்தி பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் அது ஒரு விலங்கு, ஜெல்லிமீனுக்கும் பவளத்துக்கும் உறவு. அதன் விரல் போன்ற நீட்சிகள் முழுக்கக் கொட்டும் செல்கள், தொட்டால் நுண்ணிய விஷ ஊசிகள் பாயும். இரைக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இடம் பிடிக்க வருகிற போட்டியாளருக்கும் அதே அடிதான். அப்புறம், தொடாமலே தண்ணீரில் வேதிப்பொருள்களைக் கசியவிட்டும் எதிராளியை நலிய வைக்கும். மூடிய சின்ன அறைக்குள் ஒருவர் புகைபிடிப்பதும் திறந்த மைதானத்தில் பிடிப்பதும் ஒன்றா? கடலில் கரைந்து போவது தொட்டிக்குள் தேங்கி நிற்கும். கரி வடிகட்டி ஓரளவு உறிஞ்சும், சண்டையை நிறுத்தாது.

எட்ட எட்ட வைத்தால் போதுமே என்பீர்கள், ஆனால் இதற்குக் கால் இல்லாவிட்டாலும் நடக்கும். வெளிச்சமோ நீரோட்டமோ பிடிக்காவிட்டால் அடிப்பாகத்தை நகர்த்தி வேறு இடம் தேடிப் போய், வழியில் பவளத்தைக் கொட்டும், பம்பில் சிக்கிச் சிதைந்தும் போகும். அப்படி ஒன்று செத்து அழுகினால் சின்னத் தொட்டியின் தண்ணீர் முழுவதுமே கெட்டுவிடலாம்.

குமிழ்நுனி கடல் சாமந்தி என்ற இனம் தானே இரண்டாகப் பிளந்து பெருகும். அந்த நகல்கள் ஒன்றையொன்று சகித்துக்கொள்ளும், நெருக்கமாகவே இருக்கும். பல வேண்டுமென்றால் இதுதான் பாதுகாப்பான வழி.

கடல் சாமந்திக்குள் குடியிருக்கும் கோமாளி மீன் ஜோடிக்கு ஆளுக்கொரு சாமந்தி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜோடி ஒரே சாமந்தியிலேயே குடியிருக்கும், தொட்டியில் சாமந்தி இல்லாமலும் நன்றாகவே வாழும்.