கோடிக்கரையில் நடக்க வாருங்கள்: வாசகர் கேள்விகள்

(வேதாரண்யத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, கோடிக்கரைக்கு வருகிறவர்களை நடை அழைத்துச் செல்பவர் பதில் சொல்கிறார்.)

மார்கழி விடுமுறையில் பிள்ளைகளோடு வருகிறோம். கோடிக்கரை, வேதாரண்யம் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? – வாசகி, மன்னார்குடி

தாராளமாக. முதல் நாள் இரவே வேதாரண்யம் வந்து தங்கிவிடுங்கள் அம்மா. அங்கிருந்து கோடிக்கரை பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். காலையில் சரணாலய வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வெளிமான்கள் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருக்கும். கருத்த உடம்பும் முறுக்கிய கொம்பும் ஆண். கொம்பில்லாமல் வெளிர்பழுப்பாக இருப்பது பெண். இந்த மானுக்காகத்தான் 1967-ல் இந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்தார்கள்.

பிறகு காட்டுக்குள் ராமர் பாதம். பெரிய மலையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம், ஒரு மணல்மேடுதான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் அதைவிட உயரமான இடம் கிடையாது. வழியெல்லாம் பாலை மரங்கள் நிற்கும். இலையுதிரா வறள்காடு என்கிற வகை. நம் கடற்கரையில் இது துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. கோடையில் வந்தால் பாலைப்பழம் கிடைக்கும், தின்றால் பால் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டும். கஜா புயல் 2018 நவம்பரில் இந்தப் பக்கம்தான் கரையேறியது. அன்று சாய்ந்த மரங்களையும், அடியிலிருந்து மறுபடி துளிர்த்து நிற்பவற்றையும் பிள்ளைகளுக்குக் காட்டாமல் வந்துவிடாதீர்கள்.

மதியம் வேதாரண்யம் கோயில். மாலையில் அகஸ்தியம்பள்ளியும் உப்பளமும்.

அகஸ்தியம்பள்ளியில் இருப்பது ஒரு நினைவுத் தூண். அதற்காக ஒரு நடை வேண்டுமா? – வாசகர், தஞ்சாவூர்

வேண்டும் ஐயா. தூண் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உப்பு மண்ணில் கால் வைத்தால்தான் 1930 உப்புச் சத்தியாகிரகம் விளங்கும்.

அந்த வருடம் ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கிளம்பினார்கள். கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர், சித்திரை வெயிலில். தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை வழியோர மரக்கிளைகளில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். யார் கொடுத்தது என்று யாரைப் பிடிப்பது? 28-ம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்து, 30-ம் தேதி காலை அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். ராஜாஜி கைதானார். தொண்டர்களுக்குத் தோள் கொடுத்த சர்தார் வேதரத்தினம் பிள்ளை, சிறைக்கும் போனார், சொத்தையும் இழந்தார்.

வைரப்பன் கதையைச் சொல்லாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. நாவிதர். ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருக்கையில் அந்த ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்தது. பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மீதியை முடிக்கச் சொல்லி அதிகாரத்தில் இருந்தவர்கள் மிரட்டியும் மறுத்துச் சிறைக்குப் போனார். தலைவர்கள் பேரைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்துவிடுவார்கள். வைரப்பனை இங்கே வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. உப்பளத்து வரப்பில் நின்றால் ஒரு பக்கம் பாத்திகளில் உப்பு வாரிக் குவித்திருப்பார்கள், மறுபக்கம் சதுப்பில் பறவைகள் மேயும். கடல்நீர் ஏறி, வெயிலில் வற்றி, உவர்ந்து கிடக்கிற ஒரே சேறுதான் இரண்டுக்கும் ஆதாரம். சத்தியாகிரகத்துக்கு ராஜாஜி இந்த ஊரைத் தேர்ந்ததற்கும், பூநாரை (பிளமிங்கோ) இந்த ஊரைத் தேடி வருவதற்கும் காரணம் அந்த உப்புதான். ஆகவே காட்டைத் தனியாகவும் சரித்திரத்தைத் தனியாகவும் நான் காட்டுவதில்லை.

போன வருடம் வந்தோம். ஒரு பூநாரைகூடக் கண்ணில் படவில்லை. மகள் அழுதுவிட்டாள். – வாசகி, கும்பகோணம்

அவளை மறுபடி கூட்டி வாருங்கள். பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுத் தண்ணீரை வடிகட்டித் தின்கிற பறவை. தண்ணீர் ஆழமாக இருந்தாலும் அதற்கு வசதிப்படாது, அடியோடு வற்றினாலும் போய்விடும். மழை பெய்கிற கணக்கைப் பொறுத்து சதுப்பில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். இன்று எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அந்தச் சதுப்பில் புழங்குகிற மீனவர்களும் உப்பளத் தொழிலாளர்களும் சொல்வார்கள்.

அதோடு, காலடியில் ஓடித் திரிகிற உள்ளான் என்கிற சின்னப் பறவைகளையும் அவளுக்குக் காட்டுங்கள். கொசு உள்ளான் உள்ளங்கையில் அடங்கும். துருவப்பகுதியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார், பறவை ஆய்வாளர் சாலிம் அலி காலத்திலிருந்து, இங்கே பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையம் மாட்டித் திரும்ப விடுகிறார்கள். எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்று நாம் தெரிந்துகொண்டதில் அந்த வளையங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அங்குள்ள குதிரைகளுக்கு பிஸ்கட் கொடுக்கலாமா? – ஏழாம் வகுப்பு மாணவன், பட்டுக்கோட்டை

வேண்டாம் தம்பி. யாரோ எப்போதோ வளர்த்து விட்டவற்றின் வாரிசுகள் அவை. இப்போது காட்டு வாழ்க்கைக்குப் பழகிவிட்டன. பிஸ்கட் கொடுத்தால் சாலைக்கு வந்து நிற்கும், வண்டியில் அடிபடும். மானுக்கும் குதிரைக்கும் ஒரே புல்தான் சாப்பாடு. அந்தப் புல்லையும் சீமைக்கருவேலம் மூடிக்கொண்டு வருகிறது. அதன் காயைத் தின்கிற விலங்குகள் சாணத்தோடு விதையைப் பரப்பிவிடுகின்றன. வனத்துறை வெட்ட வெட்ட முளைக்கிறது.

சோழர் கலங்கரை விளக்கம் இன்னும் இருக்கிறதா? – வாசகர், சிங்கப்பூர்

சோழர் காலத்தது என்று நாங்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செங்கல் கட்டடத்தின் பெரும்பகுதியை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. மிச்சம் கொஞ்சம் கடலோரம் கிடக்கிறது. நினைவுக்கு என்று ஒரு செங்கல் துண்டைக்கூட எடுத்துப் போகாதீர்கள், உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் குழகர் கோயிலுக்கும் போங்கள். துணைக்கு ஒரு குடி இல்லாத இந்தக் கடற்காற்றில் தனியே இருக்கிறீரே என்று சுந்தரர் ஈசனைப் பார்த்து ஆதங்கப்பட்ட தலம் அது.

வழிகாட்டி இல்லாமல் நாங்களே நடந்துகொள்ளலாமா? ரயில் வசதி உண்டா? – வாசகர், திருவாரூர்

சதுப்பில் தனியாக இறங்கவே இறங்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே முழங்கால் வரை இழுக்கும். கோடிக்கரை வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, உள்ளூர் ஆளைக் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர், தொப்பி, மங்கின நிறத்தில் உடுப்பு போதும். நின்றுபோயிருந்த திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி ரயில் 2023-ல் அகலப்பாதையில் மறுபடி ஓடத் தொடங்கியது. நேரத்தை விசாரித்துக்கொண்டு அதில் வாருங்கள். கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறது.