பதில்: லிங்கன் காலக்கோட்டில் 1849–1854 காலியாக இருக்கிறதே?

வணக்கம். மகளின் பள்ளிக் காலக்கோட்டில் 1849-க்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு எழுத எதுவும் இல்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஆபிரகாம் லிங்கன் உருவான காலமே அதுதான்.

1849-இல் அமெரிக்கக் கீழவையில் ஒரே பதவிக்காலத்தை முடித்துவிட்டு இலினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் திரும்பி, தொழில் கூட்டாளி ஹெர்ண்டனோடு மறுபடி வழக்கறிஞர் தொழிலில் இறங்கினார். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வாரக்கணக்கில் எட்டாவது நீதிமன்றச் சுற்றில் (ஒரே நீதிபதி மாறி மாறிப் போய் வழக்கு விசாரிக்கும் மாவட்டங்களின் தொகுதி) ஊர் ஊராகப் போவார். நீதிபதி டேவிட் டேவிஸும் மற்ற வக்கீல்களும் உடன் வருவார்கள். ஒரே விடுதியில் தங்கல், கட்டிலைக்கூடப் பகிர்ந்து கொள்வார்கள். கடன் வழக்கு, நிலத் தகராறு, கொலை வழக்கு என எல்லாம் வரும். சாதாரண விவசாயிகளான ஜூரிகளுக்குப் புரியும்படி பேச வேண்டும். அவருடைய பிற்கால உரைகளின் தெளிவு இந்தப் பழக்கத்தில் வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அப்புறம் 1854. கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் புதிய பிரதேசங்களில் அடிமைமுறைக்குக் கதவைத் திறந்தது. அதை எதிர்த்து அக்டோபரில் அதே மாநிலத்துப் பியோரியா நகரில் மூன்று மணி நேரம் போலப் பேசினார். காலக்கோட்டில் இதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

இடம் இருந்தால் இன்னொன்று: அதே நீதிபதி டேவிஸ்தான் 1860-இல் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த சிகாகோ மாநாட்டில் லிங்கனுக்காக ஓடியாடி வேலை பார்த்தார். 1862-இல் லிங்கன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார்.