விழுந்தவன் ஒருவன், புள்ளி யாருக்கு?

கேள்வி: பிள்ளைகள் ஆசைப்பட்டார்களே என்று நின்டெண்டோ ஸ்விட்ச் வீடியோ கேம் கருவியில் ஆடும், ஒருவரையொருவர் அடித்து மேடைக்கு வெளியே தள்ளும் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்’ கார்ட்ரிட்ஜ் வாங்கிக் கொடுத்தேன். அன்று முதல் வீட்டில் ஓயாத சண்டை. சின்னவன் தானாகத் தவறி மேடையிலிருந்து விழுகிறான், புள்ளி பெரியவனுக்குப் போகிறது. பெரியவன் அடித்து அடித்து ஓய வைத்த எதிராளியைக் கடைசியில் என் தங்கை மகன் லேசாகத் தட்டிவிடுகிறான், புள்ளி அவனுக்குப் போகிறது. இது பழுதான பொருளா? கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: பழுது இல்லை, அம்மா. இதைச் சொல்லிக் கடைக்குப் போனால் அலைச்சல்தான் மிஞ்சும். ஆனால் உங்கள் வருத்தம் நியாயமானது. ஸ்விட்ச் ஆட்டங்களின் பெட்டிக்குள் அச்சிட்ட கையேடு வைப்பதே அரிதாகிவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர் விதியைச் சண்டை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது சரியல்ல.

உங்கள் பிள்ளைகள் ஆடுவது நேரக் கணக்கு ஆட்டம். அதில் ஒருவரை வீழ்த்தினால் ஒரு புள்ளி கூடும், விழுந்தால் ஒரு புள்ளி குறையும். வீழ்த்தியவர் யார் என்பதை ஆட்டம் ஒரே கேள்வியால் முடிவு செய்கிறது: விழுந்தவரைக் கடைசியாக அடித்தது யார்? அதற்கு முன் யார் எவ்வளவு அடித்தார்கள் என்பது இந்தக் கணக்கில் வராது. பெரியவன் நூறு சதவீதம் வரை சேதம் ஏற்றியிருக்கலாம். சேதம் ஏற ஏற எதிராளி தொலைவாகத் தூக்கி எறியப்படுவான் என்பதால் அந்த உழைப்பு வீணும் அல்ல. ஆனாலும் கடைசித் தட்டு உங்கள் தங்கை மகனுடையது என்றால் புள்ளி அவனுக்கே.

சின்னவனின் கதையும் இதே விதிதான். அடிபட்டு வெளியே பறந்தவன் மேடைக்குத் திரும்ப முயன்று, தாவல் தவறி விழுந்தால், அது அவன் பார்வையில் தன் தவறு. ஆட்டத்தின் பார்வையில் அவனை வெளியே தள்ளியவனின் வெற்றி. கிரிக்கெட்டில் மட்டையாளர் தன் மட்டையாலேயே ஸ்டம்பைத் தட்டிவிட்டாலும் விக்கெட் பந்து வீச்சாளர் கணக்கில்தானே சேர்கிறது? அப்படித்தான். அடிபட்டவன் மேடையில் காலூன்றிச் சற்று நேரம் நின்ற பிறகு தானாக விழுந்தால் மட்டுமே பழைய அடி மறக்கப்படும். அதைத்தான் முடிவுத் திரையில் ‘எஸ்.டி.’ (செல்ஃப் டிஸ்ட்ரக்ட், அதாவது தானாக விழுந்தது) என்று தனியாகக் காட்டுகிறார்கள்.

சண்டை ஏன் இவ்வளவு சூடாகிறது என்பதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. இருவர் மட்டும் ஆடும்போது எஸ்.டி. என்றால் விழுந்தவருக்கு ஒன்று குறையும், வித்தியாசம் ஒரு புள்ளி. அதே விழுகை இன்னொருவர் கணக்கில் ஏறினால் இவருக்கு ஒன்று குறைந்து அவருக்கு ஒன்று கூடும், வித்தியாசம் இரண்டு.

நம்பிக்கை வரவில்லை என்றால் நீங்களே சோதியுங்கள். ஆட்டத்தின் நடுவே மேடையில் பொருட்கள் எதுவும் வந்து விழாதபடி விதிகளில் அமைத்து, இருவர் மட்டும் ஆடட்டும். முதலில் யாரும் அடிக்காமல் ஒருவன் குதிக்கட்டும். அடுத்து ஓர் அடி வாங்கிய உடனே குதிக்கட்டும். மூன்றாவதாக அடி வாங்கி, நின்று, பொறுத்துக் குதிக்கட்டும். முதலாவதும் மூன்றாவதும் எஸ்.டி., நடுவில் உள்ளது அடித்தவனுக்குப் புள்ளி. பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

மீதிப் பாதிக்கு என் யோசனை: விதிகளில் ‘ஸ்டாக்’ முறைக்கு மாற்றுங்கள். ஆளுக்கு மூன்று உயிர், கடைசியில் நிற்பவர் வெற்றி. யார் வீழ்த்தியது என்ற பேச்சே முடிவைத் தொடாது. பெரிய போட்டிகளிலும் இப்படித்தான் ஆடுகிறார்கள். சகோதரர்கள் ஆடும் வீட்டுக்கு நேரக் கணக்கைவிட இதுவே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

கேள்வி: இதே ஆட்டத்தின் பழைய கார்ட்ரிட்ஜ் மலிவாகக் கிடைக்கிறது. கூடுதல் வீரர்கள் எல்லோரும் அதில் இருப்பதாக விற்பவர் சொல்கிறார். எங்களிடம் இருப்பது ஸ்விட்சின் சிறிய வகையான ஸ்விட்ச் லைட். வாங்கலாமா?

பதில்: கார்ட்ரிட்ஜ் வாங்கலாம், அந்தப் பேச்சுக்காகக் கூடுதல் விலை தர வேண்டாம். 2018 டிசம்பரில் ஆட்டம் வெளிவந்த பிறகு, 2021 அக்டோபர் வரை கட்டணத்துக்கு வந்த வீரர்கள் வாங்கியவரின் நின்டெண்டோ கணக்கோடு கட்டப்பட்டவர்கள், கார்ட்ரிட்ஜோடு வர மாட்டார்கள். விற்பவர் ஆடித் திறந்துவைத்த வீரர்களும் அவருடைய கருவியின் சேமிப்பில்தான் இருப்பார்கள். நீங்கள் எட்டுப் பேரோடு தொடங்கி ஒவ்வொருவராகத் திறக்க வேண்டும்.

ஸ்விட்ச் லைட்டில் ஜாய்கான் (கருவியின் இரு பக்கமும் இருக்கும் கன்ட்ரோலர்) கழற்ற வராது. சாதாரண ஸ்விட்சில் இரண்டு ஜாய்கான்களைப் பிரித்தால் இருவர் ஆடலாம். உங்களுக்குத் தனிக் கன்ட்ரோலர் வாங்கும் செலவு இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்த்த பிறகு விலை பேசுங்கள். ஒரே வீட்டில் சேர்ந்து ஆட இணையச் சந்தா தேவையில்லை.