கார்ட்டூன் மூல ஓவியங்கள் சேகரிப்பு: கேள்வி-பதில்

பழைய டிஸ்னி செல் (கார்ட்டூன் படத்துக்காகப் பாத்திரத்தை வரைந்து வண்ணம் தீட்டிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்) ஒன்று வாங்கப் போகிறேன். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் திருப்பிப் பாருங்கள். படமெடுக்கக் கேமராவுக்குக் கீழே போன செல்லில் கோடு முன்பக்கம் இருக்கும், வண்ணத்தைப் பின்பக்கம் கையால் பூசியிருப்பார்கள். தூரிகை போன தடம் தெரியும். ஓரத்தில் தாளை நகராமல் பொருத்தும் துளைகளும் காட்சி எண்ணும் இருந்தால் நல்லது. ஆனால் துளை இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். 1938 முதல் சான் பிரான்சிஸ்கோவின் கோர்வாசியே காலரி விற்ற செல்கள் பலவற்றில் ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் கோடு. டிஸ்னியின் முழுநீளப் படங்களில் 1959 வரை பெரும்பாலும் கையால் மை தீட்டினார்கள். 1961இல் வந்த ‘101 டால்மேஷியன்ஸ்’ நாய்க்குட்டிப் படத்தில் பென்சில் வரைபடத்தை அப்படியே ஸெராக்ஸ் முறையில் செல்லுக்கு மாற்றினார்கள். 1940களின் செல் என்று காட்டி, அதில் சொரசொரப்பான ஸெராக்ஸ் கோடு இருந்தால் வாங்கவே வேண்டாம். செரிசெல் என்று எழுதியிருந்தால் அது அச்சிட்டது. சுவரில் மாட்ட அழகுதான், அசலின் விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

‘லயன் கிங்’ அசல் செல் கிடைக்குமா?

கிடைக்காது. 1990இலிருந்தே டிஸ்னியின் முழுநீளப் படங்களுக்குக் கணினியில்தான் வண்ணம் தீட்டினார்கள். உங்களிடம் காட்டுவது விற்பனைக்கென்றே தனியாகச் செய்ததாக இருக்கும்.

என் செல்லில் வினிகர் வாடை வருகிறது.

செல்லின் பிளாஸ்டிக்கான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. உடனே மற்ற செல்களிடமிருந்து பிரித்து வையுங்கள், அந்த ஆவி அவற்றையும் கெடுக்கும். குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள, வெயில் படாத இடம் வேண்டும். ஒரேயடியாக உலர்ந்த இடமும் ஆகாது, வண்ணம் வெடித்துப் பெயரும். பின்னால் தாள் ஒட்டியிருந்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள். வண்ணமும் அதோடு வந்துவிடும். பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள்.

கையில் காசு குறைவு. எதிலிருந்து தொடங்கலாம்?

பென்சில் வரைபடத்திலிருந்து. கையால் மை தீட்டிய செல் என்பது ஓவியரின் கோட்டின் மேல் இன்னொருவர் இழுத்த கோடு. பாத்திரத்துக்கு உயிர் வந்தது தாளில்தான். அதிலும் சுத்தமாக மறுபடி வரையாத ரஃப் தாள் கிடைத்தால் விடாதீர்கள். அழித்து அழித்துத் தேடிய கை அதில் அப்படியே இருக்கும். செல்லைவிடப் பெரும்பாலும் விலையும் குறைவு. அடுத்தடுத்த எண்ணுள்ள நாலைந்து தாள்கள் ஒன்றாகக் கிடைத்தால் பிரிக்காமல் வாங்குங்கள். விரலிடுக்கில் பிடித்துப் புரட்டினால் பாத்திரம் அசையும்.