2,000 ரூபாயில் புயல் காலத்துக்கு என்ன செய்யலாம்?

வேதாரண்யத்தில் வாடகை வீடு, கையில் 2,000 ரூபாய், அம்மாவுக்கு இன்சுலின் என்று எழுதியிருந்தீர்கள். சரி, இன்வெர்ட்டரை மறந்துவிடுங்கள். விளக்கைவிடத் தண்ணீர்தான் முக்கியம். 2018 கஜா புயலில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாமல்தான் ஜனங்கள் தவித்தார்கள். எச்சரிக்கை வந்ததுமே குடம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள்.

ஃப்ரிட்ஜ் ஓடாதபோது இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க இரண்டு மண்சட்டி போதும். பெரியதில் ஈர மணல், அதற்குள் சின்னது. மருந்தை நனையாதபடி பையில் கட்டி உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மணல் காயவிடக் கூடாது. ஐஸ்மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்தால் மருந்து வீண்.

அப்புறம் ஒரு ரீசார்ஜ் எல்இடி விளக்கு, ஒரு பவர்பேங்க். புயல் காற்றில் மெழுகுவத்தி எதற்கு? அவசரமென்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.