உழைத்தால் யார் வேண்டுமானாலும் முன்னேறலாம் என்பது உண்மையா?

பாதி உண்மை. உழைக்காமல் யாரும் மேலே வருவதில்லை, சரி. ஆனால் எங்கே விண்ணப்பிப்பது, யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் அந்த உழைப்பில் பெரும்பகுதி வீணாகப் போய்விடுகிறது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். எனக்குப் பிடித்த படிப்பு ஒரு நல்ல கல்லூரியில் இருந்தது. கட்டண விவரத்தைப் பார்த்ததும் இது நமக்கு ஆகாது என்று நானே முடிவு செய்துவிட்டேன், அப்பாவிடம்கூடக் காட்டவில்லை. என் மதிப்பெண்ணுக்கும் எங்கள் வருமானத்துக்கும் அங்கே கட்டணமே கிடையாது என்பது மூன்று வருடம் கழித்து, அங்கே படித்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. வீட்டில் ஒருவர் படித்திருந்தாலும், "எதற்கும் போட்டு வை" என்று சொல்லியிருப்பார்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015இல் தொடங்கிய ஒரு சோதனையைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு, 'இங்கே இடம் கிடைத்தால் நான்கு ஆண்டும் கல்விக் கட்டணம் இல்லை' என்று உறுதி சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த உதவி எப்படியும் கிடைத்திருக்கும். படிவங்களை நிரப்பிக் காத்திருந்து கடைசியில் தெரியவேண்டியதை முன்கூட்டியே சொன்னார்கள், அவ்வளவுதான். கடிதம் வராதவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். வந்தவர்களில் 68 சதவீதம். படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியின் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதுதான். ஏழைகளுக்கு வசதியானவர்களோடு நட்பு அதிகமுள்ள பகுதிகளில் வளரும் ஏழைக் குழந்தைகள் பிற்காலத்தில் அதிகம் முன்னேறுகிறார்கள். நட்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வருமான இடைவெளி கூடக்கூட இரு தரப்பும் தனித்தனிப் பகுதிகளில், தனித்தனிப் பள்ளிகளில் ஒதுங்கிவிடுகின்றன. அப்புறம் யார் யாருக்குச் சொல்வது?

ஏழைக் குடும்பம் ஒன்று சராசரி வருமானத்தை எட்ட டென்மார்க்கில் 2 தலைமுறையும் கொலம்பியாவில் 11 தலைமுறையும் ஆகும் என்று பல நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஈசிடி (OECD) 2018இல் கணக்கிட்டது. இரண்டு நாட்டு மக்களின் உழைப்பில் அவ்வளவு வித்தியாசம் இருக்க முடியாது.

இப்போது என்னிடம் யோசனை கேட்கும் பிள்ளைகளிடம், கட்டணத்தைப் பார்க்கும் முன் உதவித்தொகைக்கான கடைசித் தேதியைப் பார்க்கச் சொல்கிறேன். முடிந்தால் கூடவே உட்கார்ந்து படிவத்தையும் நிரப்புகிறேன்.