வெட்டாதீர்கள், துடைக்காதீர்கள்: கார்டு கிரேடிங் பற்றி வாசகர் கேள்விகள்

(விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்புக் கார்டுகளின் நிலையைப் பார்த்து 1 முதல் 10 வரை எண் கொடுப்பதுதான் கிரேடிங்.)

கே: சென்டரிங், அதாவது படம் கார்டின் நடுவில் அமைந்திருப்பது, 60/40 என்கிறார்களே, எதை எதோடு ஒப்பிடுவது?

எதிரெதிர் பார்டர்களை. இடது பார்டர் 3 மி.மீ., வலது 2 மி.மீ. என்றால் 60/40. மேல், கீழுக்கும் அதே கணக்குதான். இரண்டில் எது மோசமோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்டுகளுக்குக் கிரேடு போடும் அமெரிக்க நிறுவனமான பி.எஸ்.ஏ.வில் 10 கிடைக்க முன்பக்கம் 55/45ஐ ஒட்டி இருக்க வேண்டும். பின்பக்கத்துக்கு 75/25 வரை விட்டுக்கொடுப்பார்கள். கண்ணளவு வேண்டாம், ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள்.

கே: நாலு மூலையும் கூர்மை, விளிம்பு சுத்தம், சென்டரிங் அருமை. வீரரின் முகத்துக்கு மேல் ஒரே ஒரு மெல்லிய கீறல். 10 வருமா?

வராது. மூலை, விளிம்பு, சென்டரிங் போல மேற்பரப்பையும் பார்ப்பார்கள். மூன்று பாடத்தில் நூறு வாங்கிவிட்டு நாலாவதில் கோட்டைவிட்டால் முதல் ரேங்க் கிடைக்காதில்லையா, அந்த மாதிரிதான்.

கே: என்னுடைய ஃபிளியர் நிறுவனத்தின் 1986 மைக்கேல் ஜோர்டான் கார்டின் படத்தை இணைத்திருக்கிறேன். என்ன கிரேடு வரும்?

ஸ்லீவுக்குள், அதாவது பிளாஸ்டிக் உறைக்குள், வைத்தபடியே, இரவு விளக்கில், ஃபிளாஷ் அடித்து எடுத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிவது பிளாஸ்டிக்கின் பளபளப்புதான். பின்பக்கம் எங்கே? எத்தனை முறை எழுதிவிட்டேன், பின்பக்கம் பார்க்காமல் கிரேடு சொல்ல முடியாது என்று. இந்தக் கார்டில் பார்டர் வண்ணத்தில் இருப்பதால் விளிம்பில் ஊசிமுனை அளவு வண்ணம் உதிர்ந்தாலும் வெள்ளையாகக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று, போலி மலிந்த கார்டு இது. அசலா என்று முதலில் உறுதிசெய்யுங்கள், கிரேடு அப்புறம்.

கே: ஓ-பீ-சீ நிறுவனத்தின் 1979 கார்டு, ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியின் ரூக்கி (அறிமுக) கார்டு. ஒரு விளிம்பு கிழித்தது போலச் சொரசொரவென்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பயப்படாதீர்கள். கனடாவின் ஓ-பீ-சீ கார்டுகளில் இது சர்வசாதாரணம். ஆலையில் வெட்டும்போதே வந்த பிசிறு. இந்தக் கார்டில் நாலு விளிம்பும் பிளேடு போட்டது போல வழவழவென்று இருந்தால்தான் நான் யோசிப்பேன். ஏன் என்பதற்கு அடுத்த பதிலைப் படியுங்கள்.

கே: மூலை லேசாக மழுங்கியிருக்கிறது. ஓரத்தில் ஒரு மயிரிழை சீவிவிட்டால் சரியாகிவிடும், எல்லோரும் செய்வதுதான் என்கிறார் நண்பர். செய்யலாமா?

கூடாது. எல்லோரும் செய்வதும் இல்லை. செய்கிறவர்கள் செய்வது மோசடி.

இந்தத் துறையின் மிகப் பிரபலமான கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1909-11 காலத்து டி206 என்ற சிகரெட் பாக்கெட் கார்டு வரிசையில் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னர். 1991இல் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் அப்போதைய உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் சேர்ந்து ஏலத்தில் நாலரை லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. முதன்முதலில் கிரேடு செய்த கார்டு அது, கிடைத்தது 8. 2007இல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதை முன்பு வைத்திருந்த பில் மாஸ்ட்ரோ, ஓரங்களை வெட்டியது தான்தான் என்று 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். எழுபது, எண்பது ஆண்டு தப்பிப்பிழைத்து வந்த காகிதம்! அதை அழகாக்குகிறேன் என்று கத்தியை வைத்தால் என்ன சொல்வது?

எனக்கும் அடி விழுந்திருக்கிறது. டாப்ஸ் நிறுவனத்தின் 1971 பேஸ்பால் கார்டு ஒன்றை ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். கறுப்பு பார்டர் கொண்ட வரிசை அது, விளிம்பு உதிராத கார்டு கிடைப்பது அபூர்வம். இதில் நாலு பக்கமும் மாசுமருவில்லை. வீட்டுக்கு வந்து அதே வரிசையின் பத்துக் கார்டுகளுக்கு நடுவில் செருகி, மேஜையில் தட்டிச் சமன்செய்தேன். பக்கவாட்டில் பார்த்தால் அந்த ஒரு கார்டு மட்டும் அரை மி.மீ. உள்ளே போயிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மற்றவற்றின் விளிம்பு பழுப்பேறி, நார் லேசாக மலர்ந்திருந்தது. இதில் இரண்டு ஓரம் மட்டும் புதுக் காகிதம் போல வெள்ளை வெளேரென்று. அன்றிலிருந்து எந்தப் பழைய கார்டையும் அடுக்கில் வைத்துப் பார்க்காமல் நான் பணம் கொடுப்பதில்லை.

வெட்டிய கார்டு என்று தெரிந்தால் கிரேடு எண்ணே கிடைக்காது. மார்க்கரால் கறுப்பு அடித்து மறைத்தாலும் அதே கதிதான். மழுங்கிய மூலையோடு 5 வாங்கும் கார்டு நாணயமான கார்டு. அதை அப்படியே வைத்திருங்கள்.

கே: பின்பக்கம் பபுள்கம் கறை. ஈரத்துணியால் துடைக்கலாமா?

துடைக்காதீர்கள். அட்டை ஊறி உப்பிவிடும், கறை அப்படியே இருக்கும்.

கே: நாலு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கும் கெட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பாதுகாப்புதானே?

இன்றே வெளியே எடுங்கள். இறுக முடுக்கினால் கார்டு நசுங்கி மூலைகள் தட்டையாகிவிடும். மெல்லிய ஸ்லீவ், அதன்மேல் டாப்லோடர் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறை போதும். பழைய பி.வி.சி. ஆல்பம் தாள்களும் வேண்டாம், அவை கார்டோடு ஒட்டிக்கொள்ளும்.

கே: 8 வரும் என்று அனுப்பிய கார்டுக்கு 4 போட்டுவிட்டார்கள். எந்தக் குறையும் தெரியவில்லை. அநியாயம் இல்லையா?

எப்படிப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லையே. பெரும்பாலும் மெல்லிய மடிப்புக்கோடாக இருக்கும். நேர் வெளிச்சத்தில் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைக் கார்டுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். முடி போல ஒரு நிழல் ஓடும். அப்புறம் கார்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் அதே மாதிரி பாருங்கள்.